அறுபத்தாறு விதைப்புகள்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

நெடுங்காலம் வாழ்ந்து மறைந்த ஓர் உழவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டபோது, அண்மையில் தம் 91ஆம் வயதில் காலமான என் தந்தையைத் தவிர வேறொருவரை நினைக்க எனக்கு மனம் வரவில்லை. இரங்கல் கூட்டத்தில் பேசிய அனைவரும் அவர் கடுமையாக உழைத்தார் என்றே சொன்னார்கள். அது பொய்யில்லை. ஆனால் ஏரில் பூட்டிய மாடும்தான் உழைத்தது. அவர் செய்த வேலை வேறு; ஆண்டுதோறும் ஒரு முடிவை எடுத்து, அது சரியா தவறா என்று தெரிய ஓர் அறுவடைக்காலம் வரை காத்திருந்தார்.

1950-இல், 16 வயதில், அவர் முதன்முதலாகத் தம் பொறுப்பில் விதைத்தார். 2015-இல் கடைசியாக விதைத்தார். ஆண்டுக்கு ஒரு போகம் என்பதால், ஆக மொத்தம் 66 விதைப்புகள். ஒரு குயவர் அறுபத்தாறு சட்டிகளை ஒரே நாளில் வனைந்துவிடக்கூடும்; கோணிப்போனதை மறுபடி பிசைந்து சக்கரத்தில் வைக்கவும் கூடும். உழவருக்கோ வாழ்நாள் முழுவதற்கும் கிடைக்கும் வாய்ப்புகளே அவ்வளவுதான். இதை உணர்ந்த பிறகுதான், வாயெடுத்து ஒரு சொல் சொல்வதற்குக்கூட அவர் ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு விளங்கியது.

உழவு தொடங்கும் முன் அவர் செய்த ஒரு செயல் இன்றும் கண்முன் நிற்கிறது. ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து உருண்டையாக்கி, கட்டைவிரலால் மெல்லத் தட்டுவார். உருண்டை பொலபொலவென்று உதிர்ந்தால் ஏர் பூட்டலாம். உதிராமல் அப்படியே நசுங்கினால் ஈரம் அதிகம், அன்று உழுதால் கட்டி கட்டியாகப் பெயர்ந்து காய்ந்து இறுகிவிடும். பக்கத்து வயல்களில் எல்லாம் ஏர் ஓடிக்கொண்டிருக்கும்போது, எங்கள் மாடுகள் மட்டும் கொட்டிலில் அசைபோட்டுக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. சிறுவனாயிருந்த எனக்கு அது வெட்கமாக இருந்தது.

அவர் தவறவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஓர் ஆண்டு, முதல் மழையை நம்பிப் புழுதியில் விதைத்துவிட்டார். ஒரு தூறலில் முளைத்த பயிர், அடுத்த மழை வருவதற்குள் கருகிப்போனது. அன்றிரவு பிள்ளைகள் மூவரையும் எதிரில் உட்காரவைத்து, "அவசரப்பட்டது நான்தான். இந்த வருஷம் கொஞ்சம் கஷ்டம் இருக்கும், அம்மாவை எதுவும் கேட்டு நச்சரிக்காதீங்க" என்றார். வானத்தின் மீது பழிபோட அவருக்கு முழு வாய்ப்பிருந்தும் அதை அவர் செய்யவில்லை. பிற்காலத்தில் யோசனை கேட்டு வந்த இளைஞர்களிடம் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வார்.

1966-இல் பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 என்ற குட்டை ரகத்தை வெளியிட்டது. அதுவரை இருந்த நெட்டை ரகங்கள் உரம் கூடினால் கதிரின் கனம் தாங்காமல் சாய்ந்துவிடும். இது சாயாமல் நின்று, ஏறத்தாழ 130 நாளில் அறுவடைக்கு வந்தது. அந்த விதை கைக்கு வந்தபோது என் தந்தை மடையை ஒட்டிய ஒரு மூலையில் மட்டும் அதைப் போட்டு, மூன்று ஆண்டுகள் பார்த்தார். அதன் பிறகே மற்ற நிலத்துக்கும் மாறினார். அப்போதும் பழைய விதையில் ஒரு குதிர் அளவை விடாமல் பயிரிட்டு வைத்துக்கொண்டார். மூன்று ஆண்டுகள் என்பது அவருடைய 66-இல் மூன்று. அவர் ஏர் பிடிக்கத் தொடங்கியபோது சுமார் 250 கோடியாக இருந்த உலக மக்கள்தொகை, அவர் காலத்திலேயே, 2022-இல், 800 கோடியைத் தொட்டது. அத்தனை பேரின் உணவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், 2 ஹெக்டேருக்கும் குறைவான நிலம் வைத்திருக்கும் இவரைப் போன்றவர்களிடமிருந்து வருவதாக ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் ஆய்வு கூறுகிறது. அவரிடம் இதைச் சொன்னபோது, "உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்கும் மிஞ்சாது, உலகக் கணக்கு எனக்கெதுக்கு?" என்று சிரித்துவிட்டார்.

பாசத்தை வாயால் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. எங்கள் பிறந்தநாள் ஒன்றும் அவர் நினைவில் நிற்காது. ஆனால் அண்ணன் பிறந்தது பூச்சி விழுந்த வருஷம், அக்கா பிறந்தது மடை உடைந்த வருஷம், நான் பிறந்தது களம் நிறைந்த வருஷம் என்பது மட்டும் பிசகாது. நிலத்தைப் பிரித்தபோது அக்காவுக்கும் சம பங்கு கொடுத்தார். அதற்கு முணுமுணுத்தவர்களுக்கு, "களை பறிச்சபோது அவள் கை வேற, உங்க கை வேறயா?" என்ற ஒரே கேள்விதான் பதில்.

இங்கே என் தாயாரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த உரை பாதி உரைதான். இரங்கல் குறிப்பில் தந்தையை உழவர் என்றும், தாயாரை இல்லத்தரசி என்றும் நாங்களே எழுதினோம். அச்சான பிறகுதான் உறைத்தது. விதைக்கான கதிர்களைத் தேர்ந்தெடுத்ததும், உலர்த்தியதும், வண்டு விழாமல் ஓராண்டு காத்ததும் அவர்தாம். எந்த விதை முளைக்கும் என்ற கேள்விக்கு இறுதி விடை எப்போதும் அடுக்களைப் பக்கத்திலிருந்தே வந்தது.

படுக்கையில் விழுந்த பிறகும் என் தந்தை விதை சோதிப்பதை விடவில்லை. தாயார் நூறு விதைகளை எண்ணி ஈரத்துணியில் மூட்டையாகக் கட்டித் தருவார். சில நாள் கழித்து அவிழ்த்து, முளைத்தவற்றை அவர் விரலால் ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ணுவார். கடைசியாக எண்ணியபோது, நடுவில் கணக்குத் தப்பி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். 78 வந்தது. "குறைவுதான். அண்ணனைக் கொஞ்சம் அடர்த்தியா தூவச் சொல்லு" என்றார்.

அந்த விதைப்புக்கு அவர் இல்லை. அண்ணன் அடர்த்தியாகத்தான் தூவினார்.

வணக்கம்.