வலி போயிடுச்சு, கிளாஸுக்குப் போகலாமுங்களா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கணுக்கால் பிசகி ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டு வருகிறவர்கள், பிசியோதெரபிஸ்ட்டான என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: “வலி போயிடுச்சு, ஜூம்பா கிளாஸுக்குப் போகலாமுங்களா?” பாட்டுக்கு ஆடிக் குதித்துக் கூட்டமாகச் செய்யும் உடற்பயிற்சிதான் ஜூம்பா.

வலி போனது நல்ல சேதிதான். ஆனால் சுளுக்கில் இழுபட்ட தசைநார், வலி நின்ற பிறகும் மாதக்கணக்கில் ஆறிக்கொண்டிருக்கும். பாதம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று மூளைக்குத் தெரிவிக்கும் உணர்வும் மந்தமாகியிருக்கும். ஒருமுறை பிசகிய கால் மறுபடி மறுபடி பிசகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சுளுக்கு வழிப்பதாலோ கட்டுப் போடுவதாலோ மட்டும் அந்த உணர்வு திரும்பாது. அதற்குப் பயிற்சி வேண்டும்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். சுவரோரமாக, அடிபட்ட காலில் மட்டும் 30 விநாடி நில்லுங்கள். அப்புறம் அதே காலில் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். நல்ல கால் 20 முறை தாங்குகிறது, இது 8 முறையிலேயே தளர்கிறது என்றால் குதிக்கும் வகுப்புக்கு இன்னும் நேரம் வரவில்லை. முழங்காலில் தசைநார் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், குதித்துத் திரும்பும் ஆட்டங்களுக்கு 9 மாதமாவது பொறுக்க வேண்டும். மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ சோதித்துச் சரி என்று சொல்லாமல் இறங்கக் கூடாது.

தனியாகச் செய்யும்போது வலித்தால் நிறுத்திவிடுவோம். கூட்டத்தில் அப்படியா? பாட்டு வேகமெடுக்கும், பக்கத்து அக்கா குதிப்பார், நாமும் குதித்துவிடுவோம். எனக்கு மிகுந்த கவலை தருவது இந்த இடம்தான். ஆகவே எந்தக் கால், என்ன ஆயிற்று, எதைச் செய்யப் போவதில்லை என்று பயிற்சியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஓரமாக நின்று, குதிப்பதற்குப் பதில் நின்ற இடத்திலேயே நடை போடுங்கள். முதல் இரண்டு வாரம் பாதி வகுப்பு போதும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு மட்டும் போகாதீர்கள். போதும் என்று உடம்பு சொல்வது உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். மறுநாள் காலை வீக்கமோ வலியோ கூடியிருந்தால், அடுத்த முறை அளவைக் குறையுங்கள். முழங்கால் திடீரென்று மடங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, கெண்டைக்கால் வீங்கிச் சுட்டாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

ஏற்காட்டு மலைப்பாதையில் குழுவாக நடப்பவர்களுக்கு ஒன்று. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குப் பாரம். கொஞ்ச நாளைக்கு இரண்டு மூன்று கொண்டை ஊசி வளைவு வரை ஏறுங்கள். இறங்கும்போது யாராவது வண்டியில் வந்து கூட்டிப்போகட்டும். நன்றி, வணக்கம்.