டோஸ்டருக்கு எதற்கு நான்கு சக்கரம்?

[திரையில்: உள்ளங்கையில் ஒரு சிறிய பொம்மை வண்டி, மிக அருகில்]

வடிவத்தில் இது ரொட்டி வாட்டும் டோஸ்டர். அடியில் மட்டும் நான்கு சக்கரங்கள். மேட்டல் நிறுவனம் ஹாட் வீல்ஸ் என்ற பொம்மைக் கார் வரிசையில் வெளியிட்ட இந்த வண்டியின் பெயர் ரோலர் டோஸ்டர். இதே நிறுவனம் 1980களில் வாயைப் பிளந்த சுறா ஒன்றுக்கும் சக்கரம் பூட்டியது. விலையுயர்ந்த மாதிரிக் கார்களின் அலமாரியில் இப்படிப்பட்டவற்றைப் பார்ப்பது அரிது. அசலை எவ்வளவு துல்லியமாக ஒத்திருக்கிறது என்பதுதான் அங்கே அளவுகோல். டோஸ்டருக்கோ ஒத்துப்பார்க்க அசல் காரே கிடையாது. கார் நிறுவனம் எதனிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. மலிவான வண்டிகளைச் சேர்ப்பவர்களை ஈர்ப்பது இந்தச் சுதந்திரம்தான் என்று நான் கருதுகிறேன்.

[திரையில்: உருகிய உலோகம், எஃகு அச்சு]

மலிவுக்குக் காரணம் உலோகத்தில் இருக்கிறது. துத்தநாகத்துடன் சிறிதளவு அலுமினியமும் மக்னீசியமும் செம்பும் சேர்ந்த ஸாமாக் என்னும் கலவை 400 டிகிரி செல்சியஸுக்கும் குறைவான வெப்பத்திலேயே உருகிவிடுவதால், அதை அழுத்தத்துடன் எஃகு அச்சுக்குள் செலுத்தும்போது அச்சு எளிதில் தேய்வதில்லை. ஒரே அச்சிலிருந்து லட்சக்கணக்கான உடல்களை வார்த்தெடுக்கலாம். இந்த வார்ப்பு முறைக்குத்தான் டை-காஸ்ட் என்று பெயர். இருக்கைக்கும் கண்ணாடிக்கும் பிளாஸ்டிக் துண்டுகள், சக்கரங்களைக் கோக்க இரண்டு தண்டுகள், எல்லாவற்றையும் தாங்க ஓர் அடித்தட்டு, அதை உடலோடு இறுக்கும் ரிவெட்டுகள்: பெரும்பாலான வண்டிகளில் இவற்றைத் தாண்டி ஒன்றும் இராது. இத்தனை குறைந்த பாகங்களுக்குள் ஒரு நகைச்சுவையைப் பொதிந்து வைப்பது எளிய வேலையன்று.

[திரையில்: தீப்பெட்டி அளவுள்ள அட்டைப் பெட்டி]

1947இல் தொடங்கப்பட்ட லெஸ்னி என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் பங்குதாரரான ஜாக் ஓடெல், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே தன் மகளின் பள்ளி அனுமதித்ததால், அவளுக்காகப் பித்தளையில் ஒரு குட்டிச் சாலை உருளையைச் செய்தார் என்று சொல்லப்படுகிறது. அதிலிருந்து பிறந்ததே 1953இல் வெளிவந்த மேட்ச்பாக்ஸ் வரிசை. முதல் எண் சாலை உருளைக்கும், இரண்டாவது டம்பருக்கும், மூன்றாவது சிமென்ட் கலவை இயந்திரத்துக்கும் போயின. பளபளக்கும் பந்தயக் கார் எதுவும் முதல் மூன்றில் இல்லை. எல்லா வண்டிகளும் ஏறத்தாழ ஒரே அளவுப் பெட்டிக்குள் புக வேண்டியிருந்ததால், இரண்டடுக்குப் பேருந்தும் சிறிய காரும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் நின்றன. அளவு விகிதத்தில் பிடிவாதமானவர்களுக்கு இது பெருங்குறை. எனக்கோ, யானையும் முயலும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் மகிழ்ச்சி.

1968இல் 16 கார்களுடன் வந்த ஹாட் வீல்ஸ், மெல்லிய தண்டில் குறைந்த உராய்வுடன் சுழலும் சக்கரங்களால் வேகத்தைக் கொண்டுவந்தது. அந்தப் பதினாறில் ஒன்றான டியோராவின் முதுகில் பிளாஸ்டிக் அலைச்சறுக்குப் பலகைகள் இருந்தன.

[திரையில்: வண்டியைக் கவிழ்த்து, அடித்தட்டு அருகில்]

சேகரிப்பவர்கள் வண்டியைக் கையில் எடுத்ததும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பார்கள். பெயர், அச்சின் எண், ஓர் ஆண்டு ஆகியவை அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். ஹாட் வீல்ஸில் அந்த ஆண்டு வடிவமைப்பின் பதிப்புரிமைக்கு (காப்பிரைட்) உரியது. அந்த வண்டி தொழிற்சாலையை விட்டு வெளிவந்த ஆண்டு அன்று. இதை அறியாமல், புத்தம்புதிய வண்டி ஒன்றை அரும்பொருள் என்று நம்பி நான் பல மாதங்கள் துணியில் சுற்றி வைத்திருந்தேன்.

உண்மையிலேயே பழைய வண்டிகளை வாங்கும்போது வேறொன்றைக் கவனிக்க வேண்டும். 1930களின் பொம்மைகள் சிலவற்றில் உலோகக் கலவைக்குள் ஈயம் கலந்துவிட்டதால், துத்தநாகம் உள்ளிருந்தே அரிக்கப்பட்டு, முதலில் மயிரிழை போன்ற விரிசலும் பிறகு வீக்கமும் தோன்றி, கடைசியில் உடல் உதிர்ந்துவிடும். அதற்கு மருந்து கிடையாது.

[திரையில்: சுற்றியிருந்த துணி பிரிகிறது]

துணியிலிருந்து வெளியே எடுத்த என் வண்டி இப்போது மேசையில் ஓடுகிறது. முன் தண்டு சற்றே வளைந்திருப்பதால், ஒவ்வொரு முறையும் இடப்பக்கமாக ஒதுங்கிப் புத்தகத்தில் போய் முட்டுகிறது.