பதிலை எழுதி வாங்குகிற இடம்

நடுவர் அவர்களே, எதிரே அமர்ந்திருக்கும் வீதி அணியினரே, சாப்பாட்டு நேரம் தாண்டியும் நாற்காலியை விடாத பாளையங்கோட்டைப் பெருமக்களே, வணக்கம்.

"அரசைப் பதில் சொல்ல வைப்பது அவையில் எழும் கேள்வியா, வீதியில் எழும் குரலா?" இதுதான் தலைப்பு. நான் அவைக் கேள்வியின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய தங்கச்சி, வ.உ.சி. கைதானதும் 1908 மார்ச் 13 அன்று இந்த நெல்லைச் சீமை கொந்தளித்ததைச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். நானும்தான் தட்டினேன். வ.உ.சி. பேரைச் சொன்னால் இந்த ஊரில் எந்த அணிக்காரன் கையும் சும்மா இருக்காது. ஆனால் தங்கச்சி, சாதாரண சனங்கள் ஓட்டுப்போட்டு அனுப்பிய ஆள் உட்கார்ந்து வெள்ளைக்காரனைக் கேள்வி கேட்க அன்றைக்கு ஓர் அவை இருந்ததா? வேறு வழியே இல்லாத காலத்துக் கதையை, வழி இருக்கிற காலத்துக்கு அளவுகோலாக வைக்கிறீர்களே!

1999 ஜூலை 23-ஐயும் சொன்னார். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக மனுக் கொடுக்க கலெக்டர் ஆபீஸ் நோக்கிப் போன ஊர்வலம், தடியடி, தாமிரபரணியில் 17 உயிர். இதில் நான் மேடைச் சாமர்த்தியம் காட்ட மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். வீதியில் கேட்பவருக்குக் காப்பு கிடையாது. நாடாளுமன்றத்தில் கேட்பவருக்கு அரசியல் சட்டத்தின் 105ஆவது பிரிவு இருக்கிறது. உள்ளே பேசியதற்காக எந்தக் கோர்ட்டும் அவரை இழுக்க முடியாது. அவ்வளவு காப்பு உள்ளவர் வாயைத் திறக்காதபோதுதான் ஏழை ஆற்றங்கரைக்கு வர வேண்டியிருக்கிறது.

சரி, வாயைத் திறந்தால் என்ன ஆகும்? 1957 ஜூன் மாதம் எல்ஐசி, முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு கம்பெனிப் பங்குகளைச் சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பாலிசி கட்டிய சனங்களின் பணம். பத்திரிகையில் செய்தி வந்தது. அவையில் கேட்டார்கள். மந்திரி மழுப்பினார். விடவில்லை, திரும்பக் கேட்டார்கள். டிசம்பர் 16 அன்று ஃபெரோஸ் காந்தி எழுந்தார். ஆளுங்கட்சி எம்.பி., அதிலும் பிரதமர் நேருவின் மருமகன்! வீட்டில் மாமனாரிடம் தனியாகக் கேட்டிருக்கலாமே? அவையில்தான் கேட்டார். நீதிபதி சாக்ளா விசாரணைக்கு வந்தார். விசாரணை வெளிப்படையாக நடந்தது. பம்பாயில் கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம்ம தமிழ்நாட்டுக்காரர்தான், பதவி விலகினார். நடுவர் அவர்களே, வரிசையைப் பாருங்கள். கேள்வி முன்னால் போனது, ஒலிபெருக்கி முன் கூடிய வீதி பின்னால் வந்தது.

அது மக்களவை, அவர்களால் ஆட்சியையே கவிழ்க்க முடியும் என்பீர்கள். அப்படியானால் மாநிலங்களவைக்கு வருவோம். அமெரிக்காவில் அதிபர் மந்திரிகளை நியமிக்க அங்குள்ள மேலவையான செனட்டின் சம்மதம் வேண்டும். நம்ம மேலவை உறுப்பினருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர முடியாது, பண மசோதாவை நிறுத்த முடியாது. மந்திரியைப் பதில் சொல்ல வைக்க அவர் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் கேள்விதான். அதை வைத்துக்கொண்டு கம்யூனிஸ்ட் எம்.பி. பூபேஷ் குப்தா 1952 முதல் 1981இல் சாகும்வரை அங்கே நின்றார். முதல் கேள்விக்கு அதிகாரி எழுதிக் கொடுத்ததை மந்திரி வாசித்துவிடலாம். உடனே ஒரு துணைக் கேள்வி வருமே, அதற்குச் சீட்டு கிடையாது. வேர்ப்பது அங்கேதான்.

திருக்கண்ணபுரம் இரா. செழியனை எடுத்துக்கொள்ளுங்கள். மக்களவையில் இருந்தபோது 1971 முதல் 1973 வரை அரசின் செலவுக் கணக்கைச் சோதிக்கும் பொதுக் கணக்குக் குழுவின் தலைவர், பிறகு 1978 முதல் 1984 வரை மாநிலங்களவையில். நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் அறிக்கை 1978இல் அவையில் வைக்கப்பட்டது. ஆட்சி மாறியது, தேடினாலும் பிரதி கிடைக்காத நிலை வந்தது. செழியன் தன்னிடம் இருந்த பிரதியை வைத்து 2010இல் முழு அறிக்கையையும் புத்தகமாகவே போட்டார். அப்போது அவர் எம்.பி. கூடக் கிடையாது. 32 வருடம் கழித்தும் ஓர் அரசின் கணக்கை விரித்துக் காட்ட அவையில் வைத்த காகிதம் உதவியது. எந்தக் கோஷத்தை இப்படி எடுத்து வைக்க முடியும்?

அல்வா இல்லாமல் இந்த ஊரில் என்னை மேடையிறங்க விடமாட்டீர்கள். "தகவல் சேகரிக்கப்படுகிறது" என்று மந்திரி சொல்வாரே, அது டெல்லி அல்வா. நம்ம ஊரில் காசு கொடுத்தால்தான் கிடைக்கும், அங்கே சும்மாவே கொடுப்பார்கள்! ஆனால் அதையும் குறித்துவைத்து, மூன்று மாதத்தில் உறுதிமொழியை நிறைவேற்றினாயா என்று துரத்த ஒரு குழு இருக்கிறது. மாநிலங்களவையில் 1972 முதல். வீதியில் வாங்கிய அல்வாவுக்கு ரசீது ஏது?

காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்ட எம்.பி.க்களையும் தங்கச்சி இழுத்தார். உண்மைதான், வெட்கக்கேடு. 2005 டிசம்பரில் 11 பேரை வெளியே அனுப்பியதும் அதே இரண்டு அவைகள்தானே? இன்னொன்றும் இருக்கிறது. உதவாத சாமானுக்கு எவனாவது லஞ்சம் கொடுப்பானா?

மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன். அடுத்து வரும் எதிரணித் தலைவர் அண்ணாச்சியிடம் ஒன்று கேட்க வேண்டும். நெருக்கடி நிலை அமலில் இருந்த 1975 ஜூலையில் நாடாளுமன்றம் கூடியபோது அரசுக்கு அசைக்க முடியாத பெரும்பான்மை. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் ஜெயிலில். ஊர்வலத்துக்கும் தடை, பத்திரிகைக்கும் தணிக்கை. வீதி முழுக்க அடங்கிக் கிடந்த அந்த நேரத்திலும், அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்களே, எதற்கு அண்ணாச்சி? அதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் பேச்சை ஆரம்பியுங்கள்.