வெந்நீர்ல குளிச்சா கண்ணு மங்குதா? அரை டிகிரி சூடும் எம்.எஸ். நோயும்

குளிச்சு முடிச்சு கண்ணாடியைப் பாக்குறீங்க. முகம் மங்கலா இருக்கு. ஆவின்னு நெனச்சுத் துடைக்கிறீங்க, அப்பவும் மங்கல். ஒரு கண்ணை மூடினா மத்த கண்ணுல பளிச்சுனு தெரியுது. கொஞ்ச நேரம் ஃபேனுக்குக் கீழ உக்காந்ததும் பார்வை பழையபடி திரும்பிடுது. பேயா? இல்லைங்க, எம்.எஸ். நோய் இருக்கிறவங்களுக்கு உடம்பு சூடானா வர்ற உத்தாஃப் நிகழ்வு.

வில்ஹெல்ம் உத்தாஃப்ங்கற ஜெர்மன் கண் மருத்துவர் 1890ல இதை எழுதி வெச்சார். உழைச்சுக் களைச்சா பார்வை மங்குதுன்னுதான் அவர் கவனிச்சது. உடம்புச் சூடுதான் காரணம்னு பிற்பாடு தெரிஞ்சுது. எம்.ஆர்.ஐ. வர்றதுக்கு முன்னாடி, எம்.எஸ். இருக்குமோன்னு சந்தேகம் இருக்கிற ஆளை வெந்நீர்த் தொட்டியில உக்கார வெச்சே சோதிச்சிருக்காங்க! வீட்ல யாரும் முயற்சி பண்ணாதீங்க.

பின்னணியை வேகமா சொல்லிடறேன். எம்.எஸ்.னா மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ். நம்ம எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவடம், பார்வை நரம்புல இருக்கிற மையலின் உறையைத் தாக்குது. பெரும்பாலும் 20லிருந்து 40 வயசுக்குள்ள தொடங்கும், பெண்களுக்கு அதிகம், தொத்தாது. அவ்ளோதான்.

இப்ப எனக்குப் பிடிச்ச இடம். நரம்பை ஒரு வாய்க்கால்னு வெச்சுக்கோங்க. மையலின்தான் கரை. நடுநடுவுல கரை இல்லாத சின்ன இடைவெளி உண்டு, அதுக்கு ரான்வியர் கணுன்னு பேரு. ஒவ்வொரு கணுவுலயும் சோடியம் உள்ள பாயுற மடைகள். ஒரு மடை திறந்து பாயுற வேகத்துல அடுத்த மடை திறக்கணும், இப்படியே தாவித் தாவி செய்தி கடைமடை வரைக்கும் போகணும். நல்ல நரம்புல தேவைக்குப் பல மடங்கு பாயும், கவலையில்ல. கரை உடைஞ்ச இடத்துல பாதி வெளிய கசிஞ்சுடும். மிச்சம் இருக்கிறது அடுத்த மடையைத் திறக்க மட்டுமட்டாதான் போதும்.

அங்கதான் சூடு விளையாடுது. உடம்பு சூடானா மடை சீக்கிரமே மூடிக்கும். பாயுற அளவு குறையும், அடுத்த மடை திறக்காது, செய்தி அங்கேயே நின்னுடும். இதுக்கு அரை டிகிரி செல்சியஸ் போதும்! குளிர்ந்ததும் தானா ஓடும். சூடு புதுசா எந்தக் கரையையும் உடைக்கல, ஏற்கெனவே உடைஞ்சதைக் காட்டிக்குடுக்குது.

சாயங்காலம் உடம்புச் சூடு இயல்பாவே ஏறும். காலையில மாடி ஏறினவருக்கு அப்ப கால் தூக்க முடியாது. "காலையில நல்லாத்தானே நடந்தே?"ன்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க. இப்படிக் கேக்குற சொந்தக்காரங்களுக்கு இந்த வீடியோவை அனுப்பி வைங்க, எனக்கு ஒரு வியூ வந்த மாதிரியும் ஆச்சு.

அப்ப, சூட்டால வர்ற மங்கல் இல்லாம, மையலின் புதுசா சேதமாகுற உண்மையான தாக்குதலை எப்படிக் கண்டுபிடிக்கிறது? காய்ச்சலோ தொற்றோ இல்லாம, அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல விடாம நிக்கணும். அதனால முதல்ல தெர்மாமீட்டர், அடுத்து சிறுநீர்ப் பரிசோதனை. பலர் இங்கதான் கோட்டை விடுறாங்க. எம்.எஸ். இருக்கிறவங்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தா எரிச்சலே தெரியாம இருக்கலாம், கால் மட்டும் திடீர்னு கனக்கும். அதைத் தாக்குதல்னு நெனச்சு ஸ்டீராய்டு ஏத்தினா தொற்று மோசமாகலாம். மீதைல்பிரெட்னிசலோன்ங்கற ஸ்டீராய்டைத் தினம் 1 கிராம்னு 3லிருந்து 5 நாள் ஏத்துறது நிஜத் தாக்குதலுக்கு. அதுவும் தேறுறதை வேகப்படுத்துமே தவிர, நோயோட போக்கை மாத்தாது. அடுத்த தாக்குதலைத் தடுக்கிற மருந்துகள் தனி. சூடு குறைஞ்சு நல்லா இருக்குன்னு அதை நிறுத்திடாதீங்க.

வீட்ல என்ன செய்யலாம்? வெதுவெதுப்பான தண்ணியில, ஸ்டூல் போட்டு உக்காந்து குளிங்க. சூடான தொட்டியில கால் வலுவிழந்தா ஏறி வரவே முடியாது. நடைப்பயிற்சிக்கு முன்னாடி ஐஸ் தண்ணி குடிங்க, குளிர்விக்கிற மேல்சட்டையைக் கிளம்புறதுக்கு முன்னாடியே போடுங்க. வியர்த்து ஊத்தின பிறகு போட்டா பாதிப் பலன்தான். கனமான வேலையைக் காலையிலயே முடிங்க.

ஒரே ஒரு அறிகுறிக்கு மட்டும் 24 மணி நேரம் காத்திருக்க வேணாம். ஒரு சிவப்பு பாட்டில் மூடியை எடுத்து, ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க. ஒரு கண்ணுக்கு மட்டும் சிவப்பு வெளுத்துத் தெரிஞ்சு, அந்தக் கண்ணை அசைக்கும்போது வலிச்சா, அன்னிக்கே கண் மருத்துவர்கிட்ட போங்க.