அம்மாவுக்கு ஏன் அரைக் கிலோ டம்பெல்?

நடுவர் அவர்களே, காரைதீவுச் சபையோரே, வணக்கம். ‘உடல் பலம் பெறத் தேவை அதிக பாரமா, அதிக தடவையா?’ என்ற தலைப்பில் பாரத்தின் பக்கம் நின்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய தம்பி, முப்பது தடவை டம்பெல் தூக்குவதன் மகிமையை முப்பது தடவை சொல்லிவிட்டுப் போனார். கேட்டுக் கேட்டு எனக்குத்தான் கை கடுக்கிறது.

அவர் சொன்னதில் ஒன்று உண்மை. லேசான எடையை, இனித் தூக்கவே ஏலாது என்ற நிலை வரும்வரை தூக்கினால் தசை பருக்கும். உடற்பயிற்சி ஆய்வாளர் பிராட் ஷோன்ஃபெல்டும் கூட்டாளிகளும் 2015இல் வெளியிட்ட ஆய்வை அவர் காட்டினார். ஏற்கெனவே ஜிம்முக்குப் போய்ப் பழகிய ஆண்கள், எட்டுக் கிழமை. ஒரு குழு பாரமான எடையை செட்டுக்கு, அதாவது இடையில் ஆறாமல் செய்யும் ஒரு சுற்றுக்கு, 8 முதல் 12 தடவை தூக்கியது; மற்றது லேசான எடையை 25 முதல் 35 தடவை. தசை பருத்தது இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு. தம்பி அந்த இடத்தில் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். மிச்சத்தை நான் சொல்கிறேன். ஸ்குவாட்டில், அதாவது தோளில் பாரத்தோடு குந்தி எழும்புவதில், ஒரே தடவையாகத் தூக்கக்கூடிய உச்ச எடை, பாரம் தூக்கிய குழுவுக்குத்தான் கூடுதலாக ஏறியது. லேசான எடையை நெடுநேரம் தூக்கும் தாக்குப்பிடிப்பு மற்றக் குழுவுக்குக் கூடியது. அதை அவருக்கே விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் இன்றைய தலைப்பு பலம். புஜத்தின் சுற்றளவுக்கு வேறொரு நாள் மேடை போடலாம்.

ஏன் இந்த வித்தியாசம்? கல்லடியில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மீன் குறைவென்றால் கயிற்றில் சில பேர்தான். வலையின் மடி கனத்தால் கரையில் சும்மா நின்றவனும் ஓடிவந்து பிடிப்பான். தசைக்குள்ளும் இதே ஒழுங்கு. சுமை லேசாக இருக்கையில் நரம்பு மண்டலம் சின்ன இயக்க அலகுகளை, அதாவது ஒரு நரம்புக் கலமும் அது இயக்கும் தசைநார்களும் சேர்ந்த சின்னக் கூட்டங்களை, மட்டும் எழுப்பும். சுமை ஏற ஏறத்தான் பெரியவற்றைக் கூப்பிடும். நரம்பியல் ஆய்வாளர் எல்வுட் ஹென்னிமன் விளக்கிய விதி இது. உங்கள் உச்ச எடையில் 80, 85 சதவீதத்தைத் தூக்கினால் பெரிய அலகுகள் முதல் தடவையிலேயே வந்துவிடும். எதிரணியின் முறையில் அவை வருவது சின்னவை களைத்த பிறகு, கடைசிச் சில தடவைகளில். எரிச்சல் தாங்காமல் இருபதிலேயே டம்பெல்லை வைத்துவிட்டு போனை எடுக்கிற எங்கட பிள்ளைகளுக்கு அந்தக் கடைசி எப்போது வரும்?

“எங்கட ஆச்சிமார் அரிவாளால் ஆயிரம் தடவை வெட்டித்தானே திடமாக இருந்தார்கள்?” என்று கேட்டுத் தம்பி கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனால் சம்மாந்துறை வட்டையில் அரிவாள் பிடித்த அதே ஆச்சிதான் குடத்தை இடுப்பிலும் நெல்லைத் தலையிலும் சுமந்தார். இன்று வெட்டுவது மெசின். தண்ணீர் வருவது குழாயில். அந்தப் பாரம் போன இடத்தில் அம்மாவின் கையில் நாம் கொடுத்திருப்பது அரைக் கிலோ, ரோஸ் நிற டம்பெல்!

வயசானவர்களுக்குப் பாரம் ஆபத்தாம், தம்பி சொன்னார். அவுஸ்திரேலியாவில் நடந்து 2018இல் வெளியான லிஃப்ட்மோர் ஆய்வைச் சபை கேட்கட்டும். மாதவிடாய் நின்று, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள். ஒரு பகுதியினருக்கு நிலத்திலிருந்து பாரத்தைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்கு மேல் தூக்கும் பிரஸ், கூடவே குதித்து இறங்கும் பயிற்சி. ஐந்து செட், செட்டுக்கு ஐந்தே தடவை, உச்ச எடையில் 85 சதவீதத்துக்கு மேல். கிழமைக்கு இரண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாதம். மற்றவர்கள் வீட்டில் லேசான பயிற்சி செய்தார்கள், எதிரணி விரும்புகிற மாதிரி. பாரம் தூக்கியவர்களின் இடுப்பு முள்ளந்தண்டில் எலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது, மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. பாரம் தூக்கியவர்களில் ஒருவருக்கு முதுகில் சிறிய பிடிப்பு. தம்பி பயமுறுத்திய ஆபத்து அவ்வளவுதான்.

பக்கத்தில் பழக்குநர் நின்றார் என்பதையும், முதல் மாதம் குறைந்த சுமையில் முறை பழக்கினார்கள் என்பதையும் மறைக்க மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு நூறு கிலோவைத் தூக்கு என்று எங்கள் அணியில் எவரும் சொல்லவில்லை. ஐந்தாறு தடவைக்கு மேல் உங்களால் ஏலாத எடை எதுவோ, அதுதான் உங்கள் பாரம். ஒருவருக்கு அது பதினைந்து கிலோவாக இருக்கலாம். செட்டுக்குச் செட் இரண்டு மூன்று நிமிடம் ஆறுதலாக இருந்து எழும்புங்கள். இந்தப் புழுக்கத்தில் அதுவும் ஒரு லாபம்.

அடுத்து எதிரணியில் பேச வரும் அண்ணரிடம் ஒரு கேள்வி. நிறைந்த காஸ் சிலிண்டர் வாசலில் வந்து இறங்கியிருக்கிறது, அதைக் குசினிக்குள் வைக்க வேண்டும். அதை முப்பது பங்காகப் பிரித்து, முப்பது தடவையில் கொண்டுபோகும் வழி தெரிந்தால் இந்த மேடையிலேயே காட்டட்டும். மறுகா நானே கதிரையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்து இருக்கிறேன்.