செவான்: தீவு கரையோடு சேர்ந்த கதை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஆர்மீனியாவுக்குப் போகிறவர்கள் செவான் ஏரியையும் அதன் கரையிலுள்ள செவான் ஊரையும் அரை நாளில் முடித்துவிடுகிறார்கள். தலைநகர் யெரெவானிலிருந்து 65 கிலோமீட்டர்தான். மடாலயப் படிகளில் ஏறி, படம் எடுத்துக்கொண்டு, மாலைக்குள் திரும்பிவிடலாம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

1842-இல் ரஷ்யாவிலிருந்து வந்தவர்கள் எலெனோவ்கா என்ற பெயரில் அமைத்த சிற்றூர்தான் செவான். 1935-இல் ஏரியின் பெயரே ஊருக்கும் வந்தது. ஏரியோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடையிலும் காற்று குளிர்கிறது.

874-இல் இளவரசி மரியம் எழுப்பிய அந்த மடாலயம் இன்று ஒரு தீபகற்பத்தின் மேல் நிற்கிறது. அவள் கட்டியது தீவில்! படிக்கட்டின் அடிவரை நாம் காரில் போகிறோமே, அந்தச் சாலை போகும் நிலம் ஏரியின் தரையாக இருந்தது. ஏரித் தண்ணீரில் பெரும்பகுதி ஆவியாகி வீணாகிறது என்று சோவியத் ஆட்சியாளர்கள் கணக்குப் போட்டார்கள். பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் ஹ்ராஸ்தான் ஆற்றின் வழியே அதைத் திறந்துவிட்டார்கள். சோவியத் காலத்தில் நீர்மட்டம் 18 மீட்டருக்கு மேல் இறங்கியது. அராரத் சமவெளி விளைந்தது, விளக்குகள் எரிந்தன. அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஆழம் குறைந்த ஏரி சீக்கிரம் சூடாகிறது, பாசி பிடிக்கிறது. 2018 கோடையில் நீர் பச்சையாகவே மாறியது. இஷ்கான் என்னும் செவான் மீனின் சில வகைகள் முட்டையிட்ட ஆழமற்ற தரை காய்ந்துபோய், அவை அற்றே போயின.

என்னை நெகிழவைப்பது இதற்கு அடுத்த கட்டம். ஏரியைக் காப்பாற்ற மலையைக் குடைந்தார்கள். அர்பா ஆற்று நீரைக் கொண்டுவரும் சுரங்கம் சுமார் 48 கிலோமீட்டர் நீளம். 1981-இல் அது திறக்கப்பட்டது. 2000-க்குப் பிறகு நீர்மட்டம் சில மீட்டர் ஏறியது. அதிலும் ஒரு சிக்கல் வந்தது. காய்ந்த கரையில் நட்டு வளர்த்த மரங்கள் இப்போது நீரில் மூழ்கி அழுகுகின்றன. அவற்றை வெட்டி அகற்றாவிட்டால் தண்ணீர் கெடும். கரையில் கட்டிய விடுதிகளுக்கும் இதே நிலைதான். ஏரிக்கு அதன் இடத்தைத் திருப்பிக் கொடுப்பதென்றால் இவற்றையெல்லாம் விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்.

ஆகவே ஓர் இரவாவது ஊரில் தங்குங்கள். காலையில் கரையோரம் நடந்து, நீருக்குள் நிற்கும் பட்டமரங்களைப் பாருங்கள். உணவகத்தில் இஷ்கான் இருக்கிறது என்றால், பண்ணையில் வளர்த்ததா, ஏரியில் பிடித்ததா என்று கேளுங்கள். ஏரியில் பிடித்தது என்றால் வேறு உணவு கேட்டு வாங்குங்கள்.