கூடுதல் விலையில் என்ன வாங்குகிறோம்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கைக்கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். மணி காட்டுவதுதான் அதன் வேலை. பேட்டரியில் ஓடும் சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்குச் சுமார் 15 விநாடி முன்பின் போகும். சுவிட்சர்லாந்தில் சோதித்து ‘குரோனோமீட்டர்’ (துல்லியக் கடிகாரம்) என்று சான்று தரப்படும், சுருள்வில்லால் ஓடும் மெக்கானிக்கல் கடிகாரத்தின் இயந்திரம், ஒரே நாளில் 4 விநாடி பின்தங்கலாம் அல்லது 6 விநாடி முந்தலாம். அதற்கு அனுமதி உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெயும் இட வேண்டும். விலையோ பல மடங்கு. குவார்ட்ஸ் கைக்கடிகாரம் 1969இல் விற்பனைக்கு வந்தபோதே துல்லியத்தில் யார் பெரியவர் என்ற போட்டி முடிந்துபோயிற்று. ஆனாலும் மெக்கானிக்கல் கடிகாரத் தொழில் முதலில் சரிந்து, பிறகு ஆடம்பரப் பொருளாக எழுந்து நின்றது. மணி பார்ப்பதற்காக அதை யாரும் வாங்குவதில்லை.

எந்தப் பொருளின் விலையையும் மூன்றாகப் பிரிக்கலாம். ஒன்று, அது செய்யும் வேலைக்கு. இரண்டு, வேலைப்பாட்டுக்கும் ஆயுளுக்கும். மூன்று, அதை வைத்திருப்பவர் யார் என்று பிறருக்குச் சொல்வதற்கு. முதல் இரண்டுக்கும் கொடுக்கும் பணத்தில் எனக்கு வழக்கே இல்லை. நல்ல தையலுக்கும் நல்ல தோலுக்கும் விலை உண்டு, இருக்கவும் வேண்டும். நான் பேச வந்தது மூன்றாவதைப் பற்றி.

இதை முதலில் விரிவாக அலசியவர் அமெரிக்கப் பொருளியலாளர் தோர்ஸ்டீன் வெப்ளென். ‘என்னால் வீணாக்க முடிகிறது’ என்று ஊரறியக் காட்டுவதே செல்வத்துக்குச் சான்றாகிவிடுகிறது என்று 1899இல் எழுதினார். 1950இல் ஹார்வி லைபென்ஸ்டைன் என்ற பொருளியலாளர் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார். எல்லாரும் வாங்குகிறார்கள் என்பதால் வாங்குவது ஒன்று. எல்லாரும் வாங்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதால் கைவிடுவது இன்னொன்று. விலை அதிகம் என்பதற்காகவே வாங்குவது மற்றொன்று. நடைமுறையில் இந்த மூன்றும் ஒரே பொருளின் மீது அடுத்தடுத்து வந்து இறங்கும்.

இப்படி வாங்குகிறவர்களை ஏமாளிகள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது தவறு. நெதர்லாந்தில் இரு ஆய்வாளர்கள் நடத்தி 2011இல் வெளியிட்ட சோதனைகளைப் பாருங்கள். வணிக வளாகத்தில் ஒரு பெண், கருத்துக்கணிப்புக்குப் பதில் சொல்லுமாறு வருவோர் போவோரைக் கேட்கிறார். சட்டையில் பெயர்பெற்ற நிறுவனத்தின் முத்திரை இருந்தபோது பாதிப்பேர் இசைந்தார்கள். முத்திரை இல்லாதபோது ஏறத்தாழ ஏழில் ஒருவர்தான் நின்றார். ஆள் அதே ஆள், சட்டையும் அதே மாதிரிச் சட்டை. ஆகவே அடையாளத்துக்குக் கொடுக்கும் பணத்துக்குப் பலன் இருக்கத்தான் செய்கிறது. தன் நிலை இன்னும் உறுதிப்படாதவருக்கு அந்தப் பலன் கூடுதலாகவே தேவைப்படுகிறது; அவர்மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சட்டை அவருடையதல்ல, ஆய்வாளர்கள் கொடுத்தது என்று சொன்னதும் அந்த மரியாதை போய்விட்டது. மதிப்பு துணியில் இல்லை. இவரால் இதை வாங்க முடிந்தது என்று பார்ப்பவர் செய்துகொள்ளும் ஊகத்தில் இருக்கிறது.

அந்த ஊகத்தைக் காப்பாற்றுவதுதான் விற்பவரின் தலையாய வேலை. விலை இறங்கினால் ஊகம் கலைந்துவிடும். அதனால்தான் தேங்கிய சரக்கைத் தள்ளுபடியில் விற்பதைவிட அழித்துவிடுவது மேல் என்று சில நிறுவனங்கள் முடிவு செய்கின்றன. பிரிட்டனின் ஆடம்பர ஆடை நிறுவனமான பர்பரி 2017-18 நிதியாண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள பொருள்களை அழித்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 2018 செப்டம்பரில் அந்த வழக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. அழிக்கப்பட்ட சரக்கின் செலவும் கடையில் மிஞ்சியிருக்கும் பொருளின் விலையில்தான் ஏறும் என்பதை நினைவில் வையுங்கள்.

இந்த அடையாளம் எப்படிக் கெடுகிறது என்பதற்கு அலுமினியத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. 1884இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் வைக்கத் தேர்ந்தெடுத்த உலோகம் அலுமினியம். அன்றைக்கு அது வெள்ளியோடு ஒப்பிடும் விலையில் இருந்தது. இரண்டே ஆண்டில், 1886இல், அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் எரூவும் தனித்தனியாக, மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டார்கள். விலை சரிந்தது. உலோகம் மாறவில்லை. அதே எடை, அதே பளபளப்பு, அதே துருப்பிடிக்காத குணம். ஆனால் இன்று அது பாத்திரம், காகிதம் போன்ற தகடு. பார்ப்பவர் கணக்கு மாறியதும் வைத்திருந்தவரின் பெருமை அவரைக் கேளாமலே போய்விட்டது. அன்று இதற்கு ஆண்டுகள் பிடித்தன. இப்போது ஒரு நல்ல போலி சந்தைக்கு வந்தாலே போதும்.

இன்னொரு கேடு வெளியே தெரியாமல் நடக்கிறது. 1998இல் வெளியான ஓர் ஆய்வில், ஹார்வர்டின் பொதுச் சுகாதாரப் பள்ளியைச் சேர்ந்தவர்களிடம் இரண்டு உலகங்களை முன்வைத்தார்கள். மற்றவர்கள் 25,000 டாலர் சம்பாதிக்க, நீங்கள் 50,000 சம்பாதிக்கும் உலகம் ஒன்று. மற்றவர்கள் 2,00,000 சம்பாதிக்க, நீங்கள் 1,00,000 சம்பாதிக்கும் உலகம் இன்னொன்று. பாதிப்பேர் முதலாவதைக் கேட்டார்கள். விடுமுறை நாள்களைப் பற்றிக் கேட்டபோதோ, பெரும்பாலானோர் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. தங்களுக்கு அதிக நாள் கிடைத்தால் சரி என்றார்கள். ஓய்வையும் சேமிப்பையும் தூக்கத்தையும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எனவே கண்ணில் படும் பொருளுக்குப் பணம் பற்றாதபோது, கண்ணில் படாத இவற்றிலிருந்துதான் எடுக்கிறோம்.

வாங்கும் முன் செய்யக்கூடியவை சில உண்டு. முத்திரையை மனத்தில் அழித்துவிட்டு, அதே துணி, அதே தோல், அதே இயந்திரம் கொண்ட பொருளுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று ஒரு தொகையை எழுதுங்கள். கேட்கும் விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் அடையாளக் கட்டணம். அதைத் தெரிந்தே கொடுப்பதில் தவறில்லை. அடுத்து, அதே பொருள் பழையதாக என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். ‘முதலீடு’ என்று சொல்லி விற்கப்படுவதில் பெரும்பகுதி கடை வாசலைத் தாண்டியதுமே விலை இறங்கும்.

தவணையில் வாங்குவதாக இருந்தால் கணக்கு இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். விலை 100 என்று வையுங்கள். ‘12 சதவீத ஃபிளாட் வட்டி, 12 மாதத் தவணை’ என்பார்கள். மொத்தம் 112, மாதம் 9.33. ஆனால் மாதாமாதம் அசல் குறைகிறது. ஆண்டு முழுவதும் சராசரியாக உங்கள் கையில் இருக்கும் கடன் ஏறத்தாழ 54தான். வட்டி மட்டும் முழு 100க்கும் போடப்படுகிறது. உண்மையான ஆண்டு வட்டி ஏறத்தாழ 21.5 சதவீதம். ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி, மாதம் எவ்வளவு என்பதல்ல. குறைந்துவரும் நிலுவைக்கு ஆண்டு வட்டி எவ்வளவு, பரிசீலனைக் கட்டணம் தனியா, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.